ஜெஸிந்தாவுக்கு விழுந்த வெயில்

ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஜெஸிந்தாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள் மீது மட்டும் அந்த ஆனி மாதம் வெயில் அடித்தது. பந்தலூர்ப் பக்கம் மழை ஓயாத மாதம் அது. கரிக்குன்றுத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவரோடும் ஒரு முறம் அகலத்துக்கு வெயில் நகர்ந்தது. முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் சளி குறைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

தோற்றவர் பாண்டியராஜ், தேயிலை வாங்கி ஃபாக்டரிக்கு அனுப்பும் ஏஜெண்டு. அவர் மனைவி கனகமணி முடிவு வந்த அன்று பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டக் கொல்லைக்குப் போனாள். பிடரி சுட்டது. உள்ளே ஓடியவள்தான், பிறகு வெளியே வரவேயில்லை. கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றாள்.

பாண்டியராஜ் வாக்குகளைத் தணிக்கை செய்யச் சொன்னார். மறுபடி எண்ணியும் ஜெஸிந்தாதான் ஜெயித்தாள். அந்தத் தணிக்கையையும் தணிக்கை செய்யச் சொன்னார். ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நிருபர்களிடம் பேசினார். காரணம் வேறு என்பது கனகமணிக்குத் தெரியும். ரிசார்ட் கட்டுகிறவர் வீட்டுக்கு வந்தபோது டீ கொண்டுபோனவள் அவள்தான். "இழுத்துட்டே இருங்க. அவ பதவியேத்தா ஊத்து நமக்குக் கிடைக்காது" என்றார் அவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு இருந்தது அந்த ஒரே ஊற்று. கல்யாணம் ஆகும்வரை கனகமணி அங்கிருந்துதான் குடம் சுமந்தாள். குழாய் போட்டுத் தருவதாகச் சொன்ன ஜெஸிந்தாவுக்கு அவள் ஓட்டுப் போட்டது அதனால்தான்.

மூன்றாவது தணிக்கைக்கு அதிகாரி வந்த அன்று, ரிசார்ட்டுக்காரரின் குழாய் லாரி ஊற்றுப் பக்கம் ஏறியது. ஜன்னல் வழியாகப் பார்த்த கனகமணி, கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் குடையில்லாமல் தெருவில் இறங்கினாள். மழை விலகி வழிவிட்டது. வளைவு தாண்டியதும் தோளில் இறங்கிய சூடு அவளுக்குப் பிடித்துப்போனது; நிமிர்ந்து நடந்தாள்.

ஊராட்சி அலுவலக வராந்தாவில் பாண்டியராஜ் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க தெருவுல எனக்கு எதிரா ஒருத்தரும் போட மாட்டாங்க சார். பெட்டியிலதான் மோசடி."

முற்றத்தில் வெயிலோடு வந்து நின்றவளை அதிகாரி பார்த்தார். "நீங்க யாருங்கம்மா?"

"இவரு சம்சாரமுங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, என் ஓட்டை யாரும் திருடலைங்க. நானேதான் அந்தப் புள்ளைக்குப் போட்டேன். தணிக்கைன்னு பேரைச் சொல்லி ஊத்துத் தண்ணியை விக்கப் பாக்கறீங்க. அதைச் சார்கிட்டச் சொல்லுங்க."

அவள் வந்த தெருவில் கதவுகள் திறந்தன. அத்தனை நாளும் மூட்டுவலி, தலைவலி என்று உள்ளேயே கிடந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒவ்வொருத்தி மீதும் வெயில். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெரு முழுக்க அடித்ததில் தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அதிகாரி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, இனித் தணிக்கை தேவையில்லை என்று எழுதினார். வராந்தா ஓரம் நின்றிருந்த ஜெஸிந்தாவைப் பெண்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். லாரி குழாய்களோடு மலையிறங்கியது.

ஆவணியில் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. திறப்பு விழாவுக்குக் கனகமணியின் பின்னால் மழையில் இறங்கிக்கொண்டிருந்த பாண்டியராஜ், பல நாள் பேசாதிருந்தவர், "கனகு, கொஞ்சம் நில்லு" என்றார். அவள் நின்றாள். அவளுடைய வெயில் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.