வெர்னாவின் முதுகு

வண்டியை விட்டு இறங்கிய வேகத்திலேயே வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னோர் உறையும் பாறை ஒதுக்குக்கு மலைமேல் போகும் நடைபாதையின் வாசலில் நெஞ்சு உயரத்துக்குப் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதில் அவளுடைய அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில் பெயர் வேறு. அக்காவைப் புதைத்து ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதே பெயர் கொண்ட பக்கத்து வீட்டுச் சிறுமியைக்கூட இப்போது வேறு பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கி, துணி சுற்றி, அலமாரிக்குள் வைத்தாயிற்று. போனவளை இப்படிப் பெயர் சொல்லி இழுத்துக்கொண்டே இருந்தால் அவள் எப்படித்தான் போய்ச் சேருவாள்?

அதுவும் இன்றைக்குப் பார்த்தா! அக்காவின் மகள் டெலிஸ் நகரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள், பிள்ளையை மேலே இருக்கும் முன்னோருக்குக் காட்ட. குடும்பத்தில் மூத்தவள் தன் அக்குள் வேர்வையைப் பிள்ளையின் மேல் தடவி, வருவது யார் என்று பாறையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த மண்ணுக்குப் பிள்ளையின் வாசம் தெரியும். அக்கா செய்திருக்க வேண்டியது, இப்போது வெர்னாவின் தலையில். தாயின் முகத்தை இங்கே பார்த்தால் டெலிஸ் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவாள்.

அந்த வனப்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் கேம்ரன் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"எப்படி ஆன்ட்டி? பாதைக்கே அவங்க பேருதான். ஒங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"மூடு."

"என்ன?"

"வாயையும் மூடு, பலகையையும் மூடு. யாரைக் கேட்டு வச்சே?"

"மரியாதைக்குத்தான ஆன்ட்டி! மந்திரி வந்துட்டே இருக்கார். தொறப்பு விழா முடியட்டும், பேசிக்கலாம்."

வெர்னா ஓடைக்கரையில் இறங்கி இரண்டு கை நிறைய வெள்ளைக் களிமண் அள்ளி வந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பலகையில் இருந்த முகத்தின் மேலும் பெயரின் மேலும் அப்பினாள். கேம்ரன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினான். ஈரத்தோடு அக்கா மறுபடி சிரித்தாள். வெர்னா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ மொத நாள் வந்தப்போ அவ தன் வேர்வையை ஒன் தலையில தடவித்தானடா மேல கூட்டிட்டுப் போனா? அதுக்கு நீ பண்றது இதுதானா?"

"அதனாலதான் ஆன்ட்டி வச்சேன்." அவன் குரல் இறங்கியது. "ஆனா இப்ப எடுத்தா என் வேலை போயிடும். போலீசைக் கூப்பிட வச்சிடாதீங்க."

"தாராளமாக் கூப்பிடு. என் வீட்டு வழி அவங்களுக்கு மனப்பாடம்."

விருந்தினருக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் முதலாவதை இழுத்தாள். 'மந்திரி' என்று தாள் ஒட்டியிருந்தது. அதைப் பலகையோடு ஒட்டிப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள். முகமும் பெயரும் அவளுடைய அகன்ற முதுகுக்குப் பின்னால் போயின.

"குண்டம்மா குண்டம்மான்னு ஊரே சிரிச்சுதுல்ல? இப்ப வந்து நகத்திப் பாருங்கடா!"

டெலிஸின் பழைய கார் புழுதியோடு வந்து நின்றது. பிள்ளை அவள் தோளில் தூங்கியது.

"என்ன சின்னம்மா, இங்கயே உக்காந்துட்ட? மேல வரல?"

"முட்டி வலி. நீ கூட்டிட்டுப் போ."

"கொஞ்ச தூரந்தானே? நீ வராம மேல இருக்கறவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"இங்கேருந்தே நான் சொல்றேன். கொண்டா பிள்ளையை."

அக்குளில் கையை விட்டு, வேர்வையைப் பிள்ளையின் உச்சந்தலையில், மார்பில், பாதத்தில் தடவினாள். களிமண்ணும் சேர்ந்து வெள்ளைக் கோடுகள் விழுந்தன. டெலிஸ் அந்தக் கோடுகளைப் பார்த்தாள், கேம்ரனின் சிவந்த முகத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மேல பாத்து நட. திரும்பாத."

சின்னப் பிள்ளைகளும் நடக்கக்கூடிய பாதைதான். வெர்னாவும் இதற்காகத்தான் விடியலிலேயே தலைக்குக் குளித்து, பூப்போட்ட கவுனைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே ஏற வேண்டுமென்று எவ்வளவு ஆசை!  ஆனாலும் முதுகை எடுக்கவில்லை.

பெரிய பெரிய வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன.

"ஆன்ட்டி, ஒங்க கால்ல விழறேன், எந்திரிங்க. அவர் இங்கதான் வர்றார்."

"வரட்டும். வேற நாற்காலி போடு."

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தன் மொழியில், மலைக்கே கேட்கும்படி வெர்னா கத்தினாள்:

"நம்ம பிள்ளை வருது! ஒங்க பிள்ளை! பாத்துக்கோங்க!"

வண்டிகளை விட்டு இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குரல் மேலே பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பின்னாலேயே, தூக்கம் கலைந்த பிள்ளை வீறிட்டு அழும் சத்தமும் வந்தது. வெர்னா பலகையோடு இன்னும் கொஞ்சம் அழுந்தச் சாய்ந்துகொண்டாள்.