நான்கு அகல டயர்கள்

டன்னென்மோஸ் என்ற மலையூரில் குளிர்கால டயரை யாரும் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வெண்டெலின்தான் தேர்ந்தெடுப்பார். அக்டோபர் பிறந்ததும் ஊரே மேட்டில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போகும். அவர் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, ஓட்டுகிறவரை. வைத்தியர் மாதிரி நாக்கை நீட்டச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பிறகு பழைய டயரின் ஓரத்தை நகத்தால் கிள்ளி, அந்தத் துணுக்கை ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டு, முன்பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை பாதிரியாரின் டயரைக் கடித்தவர், அது எந்த வருடத்து ரப்பர் என்பதோடு, பாதிரியார் எந்த வீட்டு விருந்துக்கு அடிக்கடி போகிறார் என்பதையும் சொல்லிவிட்டார். ஊரில் அதை நம்பாதவர்கள் இருந்தார்கள். பாதிரியாரே ஒப்புக்கொண்ட பிறகு அவர்களும் நம்பினார்கள்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் ஓத்மார் ஏமாற்றினார். அதுவும் ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பரை.

ஓத்மாருக்குப் பன்றித் தொடையைப் புகையில் பதப்படுத்தி விற்கும் தொழில். அறுபது வயது நிறைந்தபோது தனக்குத் தானே ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் பரிசளித்துக்கொண்டார். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டி. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் முந்நூறு போனால் நிற்பதற்குள் சுவிட்சர்லாந்து வந்துவிடும். ஆகவே ஓத்மார் நாற்பதில் ஓட்டினார். மணம் மட்டும் முந்நூறில் போனது. ஒரே வாரத்தில் இருக்கை எல்லாம் தொடைக்கறி வாசனை ஏறி, நாய்கள் காருக்குப் பின்னால் வரிசையில் ஓடத் தொடங்கின.

அந்த அக்டோபரில் வெண்டெலின் காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். டயரைக் கடித்தார். துப்பினார்.

"கோடைக்கு இது தேன்டா. குளிர்ல கல்லாயிடும். உனக்கு ஒரு இஞ்ச் சின்ன ரிம், ஒல்லி டயர். அதான்."

"ஒல்லியா?" என்றார் ஓத்மார். "எவ்ளோ ஒல்லி?"

"ஒல்லின்னா ஒல்லி. பனிமேல அகலம் படகுடா, மிதக்கும். ஒல்லி கத்தி மாதிரி, பனியக் கிழிச்சித் தரையப் புடிக்கும். உன் வண்டி பின்னாடி இழுக்குது, முன்னாடி கனமே இல்ல. படகு மாட்னா நேரா ஆத்துக்குத்தான் போவ."

"காளைக்கு ஆட்டுக்கால் வெச்ச மாதிரி இருக்காதா?"

"ஆடுதான் மலையேறுது. காளை ஏறி எங்கடா பாத்த? இன்னொண்ணு, இந்த டயருக்கு வேக எல்லை இருநூத்தி நாப்பது. உன் கண்ணுக்கு நேரா அதை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும். சட்டம்."

முந்நூறு போகிற காருக்குள் இருநூற்று நாற்பது என்று ஒரு ஸ்டிக்கர். ஓத்மாரின் மீசை துடித்தது. ஆனாலும் நண்பரின் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச வாய் வரவில்லை. "சரி, பாக்கலாம்" என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. அந்த மலையில் ஒருவர் "சரி, பாக்கலாம்" என்றால் பத்திரத்தில் கைநாட்டு வைத்த மாதிரி. கல்யாணங்களே அந்த இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கின்றன. ஓத்மாரின் கல்யாணமும் அப்படி முடிந்ததுதான். வெண்டெலின் அன்றைக்கே ஒல்லி டயர்களுக்குச் சொல்லிவிட்டார்.

மறுவாரம் ஓத்மார் கறி கொடுக்கப் போகிறேன் என்று கீழே நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு டயர்க் கடைப்பையன் காருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். ஓத்மார் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். திரும்பி வரும்போது காரில் நான்கு அகலமான குளிர்கால டயர்கள் பளபளத்தன. பின்டயரின் அகலத்தில் ஒரு குழந்தையைப் படுக்கவைக்கலாம். ஓத்மாருக்குப் பாதி வழிவரை சந்தோஷம். மீதி வழியில் வெண்டெலினிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார்.

வீட்டு வாசலில் மனைவி ரோஸ்விதா நின்றிருந்தார். டயரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"வெண்டெலின் கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"எப்போ? ரெண்டு பேரும் கல்லறையில பக்கத்துல பக்கத்துலதான இடம் வாங்கி வெச்சிருக்கீங்க, அங்க போய்ச் சொல்லிக்கலாம்னா?"

மேட்டிலிருந்து வெண்டெலின் போன் செய்தார். டயர் வந்துவிட்டதாம். ஓத்மார், இந்த வருடம் காரைக் குளிர்காலம் முழுக்க ஷெட்டிலேயே தூங்கவைக்கப் போவதாகச் சொன்னார். பொய் அவ்வளவு அழகாக வந்தது. ஓத்மாருக்கே ஒரு கணம் காரின்மேல் பரிதாபம் வந்தது.

வெண்டெலின் டயர் ஒன்றை உருட்டி ஓரம் வைக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "நல்ல முடிவுடா. அடுத்த வருஷத்துக்கு வெச்சிருக்கேன்" என்றார். அந்த அளவு டயர் பள்ளத்தாக்கில் வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. அவர் அதைச் சொல்லவில்லை. நான்கையும் பட்டறையின் கண்ணாடி ஜன்னலில் அடுக்கி, மேலே ஓத்மார் என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஓத்மார் தேவாலயத்துக்குச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கினார்.

அதோடு விட்டாரா வெண்டெலின்? ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புப் படையில் தான் இருந்த காலத்துக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கார் தூங்கும்போது போர்த்தவேண்டுமாம். ஓத்மார் ஷெட் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"உஸ்ஸ்! இப்பதான் தூங்குது."

அறுபது வயதில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் வெண்டெலினும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப எழுப்ப வேணாம்" என்று கிசுகிசுத்துவிட்டு, கம்பளியைப் படியில் வைத்து, பனிக்காலணி சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து போனார். அந்த நடையைப் பார்த்த ஓத்மாருக்கு அன்று மத்தியானம் சோறு, அதாவது உருளைக்கிழங்கு, இறங்கவில்லை.

நவம்பரில் பனி விழுந்தது. டன்னென்மோஸில் பனி விழுந்துவிட்டால் பத்திரிகை வாங்கவேண்டியதில்லை, தடத்தைப் படித்தால் போதும். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு டயரும் வெண்டெலின் மாட்டியது. ஒவ்வொரு தடமும் அவருக்குக் கையெழுத்து மாதிரி. அந்தப் பனியில் ஓத்மாரின் அகலத் தடம் விழுந்தால் கரடி நடந்த மாதிரி இருக்கும். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த டயரை ஒருமுறையாவது பனியில் பார்க்காமல் இருக்க ஓத்மாரால் முடியவில்லை.

ஆகவே தேவதாரு மிலாறுகளைக் கட்டி ஒரு பெரிய துடைப்பம் செய்து காருக்குப் பின்னால் பிணைத்தார். விடிவதற்கு முன்னால், எஞ்சினைப் போடாமல், வாசல் சரிவில் பாலம்வரை உருண்டு போவார். போகப்போகத் துடைப்பம் தடத்தை அழித்துவிடும். திரும்பும்போதுதான் எஞ்சின் உறுமும். அந்த நேரத்துக்கு ரோஸ்விதா கறி அரைக்கிற மெஷினைப் போட்டுவிடவேண்டும் என்று ஏற்பாடு.

"ஊர்ல மத்தவன் பொண்டாட்டிக்குத் தெரியாம ஊரச் சுத்துவான். எனக்கு வாய்ச்சவர் பொண்டாட்டிய வெச்சே ஊரை ஏமாத்துறார்" என்று சொல்லிக்கொண்டே ரோஸ்விதா மெஷினைப் போடுவார். அந்த மாதம் டன்னென்மோஸில் சாசேஜ் குவிந்தது. பூனைகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஆனால் வேறொன்று நடந்தது. ஓத்மார் வாசலிலிருந்து பாலம்வரை சாலை தினமும் சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு கெர்லிண்டே அம்மாள் தடி இல்லாமலே ரொட்டி வாங்கப் போனார். பனி வாரும் வண்டிக்காரர் வந்து பார்த்து, தன்னைக் குத்திக்காட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். ஓத்மார் இந்த வயதில் இருட்டோடு எழுந்து ஊருக்காகத் தெருப் பெருக்குகிறார் என்று செய்தி பரவியது.

வெள்ளிக்கிழமை மான்தலை விடுதியில் ஊரார் வாரம்தோறும் கூடுகிற மேசையில் அவருக்காக எல்லோரும் செர்ரிச் சாராயக் கோப்பையை உயர்த்தினார்கள். வெண்டெலின் எழுந்து நின்றார். வாயிலிருந்து எளிதில் வார்த்தை வராத மனிதர்.

"இவன் எனக்கு ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஃபிரெண்டு. ஆசையா வாங்குன கார். ஊர்ல குழந்தைங்க நடக்குற ரோடு, எதுக்கு வம்புன்னு தூங்க வெச்சிட்டான். அது பத்தாதுன்னு ரோட்டையும் பெருக்குறான். நானா இருந்தா செய்வேனா? செய்ய மாட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஓத்மார் சாராயத்தை விழுங்கினார். அது உள்ளே போகாமல் கண் வழியாக வந்தது. ஊர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை நன்றாக விடிந்த பிறகு, துடைப்பத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஓத்மார் காரை வெளியே எடுத்தார். இன்று மேட்டுக்கு ஏறி, பட்டறை வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. தடம் விழுந்தால் விழட்டும்; ஊரே படிக்கட்டும்.

முடிவு நல்ல முடிவுதான். டயருக்குத்தான் அது தெரியவில்லை. பாதி மேட்டில் பின்சக்கரங்கள் சுழன்றன, கார் நின்றது. இன்னும் அழுத்தினார், கார் பக்கவாட்டில் இடுப்பை ஆட்டியது. புதுப்பனியின் மேல் மிதந்தது. படகு.

மேலே பட்டறைக் கதவு திறந்தது. வெண்டெலின் அடுப்புச் சாம்பல் வாளியோடு ஓடிவந்தார்.

"என்னடா ஆச்சு? ரோஸ்விதாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? தூங்குன வண்டிய எழுப்பிருக்க!"

பதில் வருவதற்குள், சக்கரம் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தூவக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். கையுறையைக் கழற்றி டயரின் அகலத்தை உள்ளங்கையால் தடவினார். கடித்துப் பார்க்கவில்லை. எழுந்து, காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்.

ஓத்மார் கண்ணாடியில் பார்த்தார். சிவந்த முகம், மூக்கிலிருந்து ஆவி, வழுக்கும் காலணி. தான் ஏமாற்றியவர் தன்னைத் தள்ளுகிறார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி, அவருக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். உள்ளே கனம் குறைந்ததும் கார், பின்சக்கரங்கள் பூட்டியபடியே, மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. இருவரும் திரும்பி முதுகால் தாங்கிக்கொண்டார்கள். நின்றது. ஆனால் ஒருவர் விலகினால் கார் மற்றவர் மேல் ஏறும். அசைய முடியாது.

இருவரும் ஊரைப் பார்த்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"வெண்டெலின்."

"பேசாத. மூச்சு வேணும்."

"அந்த டயர் நல்லா இருக்கும்னு… பாக்க."

"பாக்க நல்லாத்தான் இருக்கு."

"உன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மனசு வரல."

"அதனால மூஞ்சிக்குப் பின்னாடி சொல்லிட்ட." கார் ஒரு விரலளவு இறங்கியது. "கம்பளி கொண்டாந்தேன்டா ஓத்மார். நுனிக்கால்ல நடந்தேன்."

ஓத்மார் குதிகாலைப் பனியில் இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டார். ஓடிப்போகலாம் என்றால் கார் நண்பரைக் கொன்றுவிடும். அவ்வளவு தூரம் ஏமாற்ற அவர் தயாராக இல்லை.

அப்போது தேவாலயத்துக்குப் பூ வைக்க கெர்லிண்டே அம்மாள் ஏறி வந்தார். அவரிடம் ஒரு சேதி காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் அது அடுத்த பள்ளத்தாக்கில் கல்யாணம் முடித்துக் குழந்தை பெற்றிருக்கும்.

"ஏன்யா, ரெண்டு பேரும் காருக்கு முதுகு சொறிஞ்சி விடுறீங்களா?"

"புது டயர் மாட்டிப் பாக்குறோம் கெர்லிண்டே" என்றார் வெண்டெலின், மூச்சு வாங்க. "நான்தான் மாட்டுனேன். அகலமா எடுத்துட்டேன். தப்பு என்மேல."

ஓத்மாருக்குத் தலை சுற்றியது. வானிலையைப் பற்றித் தவிர வெண்டெலின் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. இனி ஊரில் யார் அவரிடம் டயர் கேட்பார்கள்?

"பொய்!" என்று கத்தினார். "கெர்லிண்டே, கேட்டுக்கோ! நான்தான் வாங்குனேன். நகரத்துல. அவன் வேணாம்னு சொன்னான். நான் காரைத் தூங்கவும் வெக்கல, ரோட்டையும் பெருக்கல. தடம் தெரியாம இருக்கத் தொடப்பம் கட்டி ஓட்டுனேன்!"

கெர்லிண்டே அம்மாள் பூக்கூடையைப் பனியில் வைத்தார். தடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில், ஓடினார்.

"மடையா" என்றார் வெண்டெலின். "அவகிட்டப் போயா சொல்ற?"

ஊர் வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தது. வந்தவர்கள் சும்மா நிற்காமல் தள்ளினார்கள். பாதிரியார் தள்ளினார், பனி வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தள்ளினார், காருக்குப் பின்னால் வரும் நாய்களும் கூட்டத்தில் இருந்தன. ஒருவர்கூட ஓத்மாரைத் திட்டவில்லை. தள்ளும்போது "ஏலோ, பெருக்குறவரே!" என்று மட்டும் மூச்சோடு மூச்சாகச் சொன்னார்கள்.

பட்டறைக்குள் வெண்டெலின் காரைத் தூக்கி நிறுத்தி, அகல டயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் சுவரோரம் மரியாதையாகச் சாய்த்துவைத்தார். ஒல்லிகளை மாட்டினார். திருகுகளை இறுக்கினார். ஓத்மார் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, கேட்டால் எடுத்துக்கொடுக்க ஸ்பேனரைக் கையில் வைத்திருந்தார். வெண்டெலின் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் அவர் கைகழுவி ஒரே ஒரு கோப்பையில் காபி ஊற்றினார். நின்றபடி பாதியைக் குடித்தார். மீதியை மேசை நடுவில், இருவருக்கும் எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்க வெளியே போனார்.

அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ஓத்மார் அதைத் தொடவில்லை. ஆவி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.