ஒருசந்தி

அமலம்மாள் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த மகளின் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விரலை எடுத்ததும் வெடிப்புகள் மறுபடி தெரிந்தன. இன்னொரு சொட்டு தொட்டுத் தடவினாள்.

"பாத்தீங்களா மாப்ளே? கொதிக்கிற காய்ச்சல்ல ஒரு வாய் தண்ணி தொடலியே. நன்மை வாங்கறவரைக்கும் ஒருசந்தியை முறிக்கலியே என் புள்ள."

வில்லியம் தலையாட்டினான். நேற்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ரோசலினுக்கு நேற்று ஒன்பதாவது முதல் வெள்ளி; ஒன்பதும் விடாமல் முடித்தால் நல்ல மரணம் என்று நம்பிக்கை. எட்டு மாதம் தவறாமல் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு, நற்கருணை அப்பத்தை நாக்கில் ஏற்று நன்மை வாங்கியவள், ஒன்பதாவதுக்குத் தலை தூக்க முடியாமல் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டு வருவார், முதல் வெள்ளி விட்டுப்போகாது என்று மட்டும் வில்லியம் அவளிடம் சொன்னான். அவள் முகம் தெளிந்தது. நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது, அதுதான் ஒருசந்தி. அவன் நீட்டிய கிளாசைத் தள்ளிவிட்டாள்.

சாகக் கிடப்பவர்களுக்கு அந்த ஒருசந்தி கிடையாது. வில்லியத்துக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் குருமடத்தில் சாமியாராகப் படித்தவன். 'நீ குடிக்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏன் குடிக்கலாம் என்று அவள் கேட்டால்? கிளாசை மூடி வைத்தான்.

காலை எட்டு மணிக்கு லூயி சாமி வந்தார். சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை பூச அவர் எண்ணெய்ச் சிமிழை எடுத்தபோதுதான் ரோசலின் வில்லியத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. நன்மை அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கவில்லை. சாமியே கரண்டியில் தண்ணீர் ஊட்டினார். பத்து மணிக்குள் போய்விட்டாள்.

பெட்டியைத் தூக்கும்போது மைத்துனன் ஹென்றி காதோரம் குனிந்தான். அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"மச்சான், இனிமே உங்களைச் சாமின்னு கூப்பிடணுமாம். உங்களை மறுபடி குருமடத்துக்கு அனுப்பறதுன்னு அம்மா முடிவே பண்ணிருச்சு. நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தா கொஞ்சம் பாத்துச் செய்ங்க லா."

"காலைப் பாத்து வை. படி இருக்கு."

கோயிலில் வில்லியம் நன்மை வைத்திருக்கும் நற்கருணைப் பேழையையே பார்த்துக்கொண்டிருந்தான். குருமடத்தில் வியாழன்தோறும் ஒரு மணி நேரம் அதற்கு முன்னால் முழங்காலில் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஈரக் கண்ணோடு எழுந்து, அழைப்பைக் கேட்டதாகச் சொன்னார்கள். அவனுக்கு முழங்கால் வலித்தது. கேட்காத காதோடு எத்தனை நாள் இருப்பது என்று வெளியே வந்தான். பீச் ஸ்ட்ரீட் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பிறகு ரோசலின்.

"அங்க உக்காந்து என்னதான் கேட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணும் கேக்காது. சும்மா உக்காந்திருப்பேன். பேழைக்குள்ள அவரும் சும்மாதானே இருக்காரு, பாவம்."

பின் பெஞ்சில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "கைநழுவினவனை ஆண்டவர் இப்படித்தான் திருப்பிக் கூப்பிடுவாரு."

இருக்கலாம். போக்கிடம் இல்லாதவனும் அழைக்கப்பட்டவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். உள்ளிருந்து பார்த்தும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது கொடிமலையை மேகம் மூடியிருந்தது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அமலம்மாள் குடையை விரித்து மருமகன் தலைக்கு மேல் பிடித்தாள்.

லூயி சாமி பக்கத்தில் வந்தார். "குருமடத்துப் பெரிய சாமியாருக்கு இன்னிக்கே எழுதறேன் வில்லியம். உன்னைத் திருப்பிச் சேத்துக்குவாங்க. திங்கக்கிழமை வர்றியா?"

"வருவாரு சாமி," என்றாள் அமலம்மாள். "போங்க மாப்ளே. பட்டினி கெடந்து அவ வாங்கிக் குடுத்த அழைத்தல் இது. அவ ஒருசந்தி வீணாப் போகக் கூடாது."

சரி என்று ஒரு வார்த்தை போதும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

"அத்தை, அவ தண்ணி குடிச்சிருக்கலாம்."

"என்னது?"

"சாகப் போறவங்களுக்கு ஒருசந்தி இல்ல. சாமிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

லூயி சாமி கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"எப்பத் தெரியும் மாப்ளே?"

"அப்பவே."

அமலம்மாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்பாள் என நினைத்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. குழிவெட்டிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

அவள் குடையை அவன் தலைக்கு மேலிருந்து எடுத்தாள். தன் தலைக்கும் பிடிக்கவில்லை. ஈர மண்ணில் இரண்டடி முன்னால் போய், கையை எட்டிய மட்டும் நீட்டி, மூடாத குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.