சுவிட்ச் இல்லாத வீடு

எங்கள் வீட்டில் ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றத் தெம்பில்லாமல் இருட்டில் நிற்கிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

வீட்டை வடிவமைத்தவர் என் வீட்டுக்காரர்; எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கூடத்தின் நீளச் சுவரில், பூச்சுக்கு உள்ளே நானூறு குட்டி விளக்குகள். தரைக்கடியில் எடையை உணரும் தகடுகள், மேலே அசைவைப் பார்க்கும் கேமராக்கள். நடக்கிறவர் யார் என்று தரை கண்டுபிடித்துவிடும். சுவர் அவர் கூடவே வெளிச்சமாக நடந்து வரும். சனிக்கிழமைதோறும் கூட்டம். ஒருத்தி குதிப்பாள், ஒருவர் பின்பக்கமாக நடப்பார். சுவர் சளைக்கவே சளைக்காது. நான் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவுவேன்.

குடிவந்த புதிதில் எனக்கும் எரிந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருவேன். கதவைத் திறந்ததும் காலடியோரம் மெல்ல வெளிச்சம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள், யாரோ "வந்துட்டியா?" என்று கேட்டதுபோல இருக்கும். அவர் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ!

ஒரு மாதமாக எனக்கு மட்டும் எரியவில்லை. மேஜையில் இடித்து இடித்து முழங்கால் கன்றிப்போனது.

"ஏங்க, இந்தச் சுவர் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது."

"அது இன்னும் கத்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"போன மாசம் தெரிஞ்சது இந்த மாசம் மறந்துபோச்சாக்கும்?"

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

பெரிய பரிசு ஒன்றுக்காக நடுவர்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், அவருக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கும் பெண் வந்தாள். எனக்கு மட்டும் ஏன் எரியவில்லை என்று அவளிடம் கேட்டேன். பாவம், அவளுக்குச் சூது தெரியாது. கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"சுவர் கண்டுக்கக் கூடாததுக்கெல்லாம் ஒரு பட்டியல் இருக்குக்கா. ஃபேன், திரைச்சீலை, ஃப்ரிட்ஜ் கதவு..." சட்டென்று நிறுத்திவிட்டாள்.

நாலாவது வரியில் நான் இருந்தேன்.

"நீங்க ஒரு நாளைக்கு நூறு தடவை குறுக்கே போறீங்களாம். வர்றவங்களுக்கு வேண்டிய வெளிச்சம் கலைஞ்சுபோகுதுன்னு அண்ணன்தான் சேர்க்கச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்க்கா."

நூறு தடவை யாருக்காகப் போகிறேனாம்? அவரே சொல்லட்டும் என்று ராத்திரி சாப்பாடு வரை காத்திருந்தேன். உப்பு குறைச்சல் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நடந்தார்கள், ஓடினார்கள், சுவர் ஜொலித்தது. கடைசியில் அவர்களில் மூத்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நாங்க விருந்தாளிங்க. இந்த வீட்ல வாழறவங்க நடந்து காட்டுங்களேன்."

வீட்டுக்காரர் முகம் வெளிறியது. நான் காபித் தட்டை வைத்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

"ரிப்பேரா?" என்றார் அந்த அம்மாள்.

"ரிப்பேர் இல்லைங்க. நல்லாத்தான் வேலை செய்யுது. ஃபேன், திரை, ஃப்ரிட்ஜ் கதவு, அப்புறம் நான். எங்க நாலு பேரையும் கண்டுக்காதேன்னு இவர் சொல்லி வெச்சிருக்கார். அது சொன்ன பேச்சைக் கேக்குது."

அந்த அம்மாள் கைதட்டினார்! மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

"வீட்டு வேலை யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு சொல்றீங்க! இதுதான் உங்க கருத்தா?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அவர்கள் போனதும் சமையலறைக்குத் துள்ளிக்கொண்டு வந்தார். "கலக்கிட்டே போ! பரிசு நமக்குத்தான்."

"சரி. என்னை அந்தப் பட்டியல்லேர்ந்து எடுங்க."

"இப்ப எப்படி எடுக்கிறது? இனிமே அதுதானே படைப்பே!"

அழுகை வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பரிசோதனை நிலையத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தெருமுனையிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்னென்னவோ வயர் போகுதே மேடம்?"

"போகட்டும். நடுவுல தொளை போடுங்க."

துளைபோடும் சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். "ஐயோ, அது சுவர் இல்லடி! ரெண்டு வருஷ உழைப்பு!"

"எனக்குப் பதினோரு வருஷம்" என்றேன்.

பூச்சு பொலபொலவென்று தரையில் கொட்டியது. மதியத்துக்குள் ஒரு வெள்ளை சுவிட்ச், தலைக்கு மேல் ஒரு சாதாரண பல்பு. போட்டேன், எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. இன்னொரு தரம் போட்டுவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டேன்.