அறுக்காத வலை

வேதாசலத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஜமுனாவின் போன் அடித்தது. கால்நடை டாக்டர் அர்ச்சனா. ஒரு வாரமாக இவள் நச்சரித்த நச்சரிப்பில் அந்தம்மாவுக்கு இவள் நம்பர் மனப்பாடமாகியிருக்கும்.

ஓங்கில் என்கிற டால்பின் வலையில் பட்டால் யோசிக்காமல் வலையை அறுத்துவிட வேண்டும். கோட்டைக்குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. வேதாசலம் அறுக்கவில்லை. வலை புதுசு. கண்ணி கண்ணியாகப் பிரித்து, ஆற அமரத்தான் விடுவித்தார். மறுநாளே அது முகத்துவாரத்தில் கரை ஒதுங்கியது. மூன்று முறை கழுத்தளவுத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டார். மூன்று முறையும் அவரை நோக்கியே திரும்பி வந்து, கடைசியில் மணலில் செத்தது. அன்றைக்குப் போனது அவர் தூக்கம். இருதயம் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகும் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். கண்ணை மூடினால் அது வந்து நிற்கிறது என்பார்.

“நைனா, அந்த ஓங்கில கூறுபோட்டுப் பாத்தாங்களாம்,” என்றாள் ஜமுனா. “மூளை பூரா புழுவாம். தெசை தெரியாமதான் கரைக்கு வந்துகீது.”

“சும்மா சொல்ற.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறுதலுக்காக ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள்தான். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்க வலையில மாட்டுறதுக்கு முன்னாடியே அதுக்கு நோய் முத்திப்போச்சு, ஐயா,” என்றார் டாக்டர்.

“ஒடனே வலைய அறுத்திருந்தா?”

“அறுத்திருந்தாலும் பொழைச்சிருக்காது.”

“எங்கிட்டயே இன்னாத்துக்குத் திரும்பித் திரும்பி வந்துது?”

“உங்ககிட்ட வரல, ஐயா. எந்தப் பக்கம் போறதுன்னே அதுக்குத் தெரியல.”

“பாவம், இன்னா வலி வலிச்சிதோ,” என்றார் வேதாசலம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்றைக்கெல்லாம் குறட்டை கேட்டது. ஜமுனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது.

வெயில் சாயும்போது குறட்டை நின்றிருந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மீன்கூடையோடு வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்கு அவள் முகமே சொல்லிவிட்டது. மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். ஜமுனா எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறு அத்தே,” என்றாள். “இப்பதான் தூங்குனாரு.”

ராஜம்மா கூடையை ஓசைப்படாமல் இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.