பலாமரத்தடி மண்

ஆராய்ச்சிக்குக் கொடுத்த தவணையில் சரஸ்வதிக்கு இன்னும் மூன்றே வாரம்தான் இருந்தது. காப்பிச் செடிக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தின்று செரிக்கும் பூஞ்சை ஒன்று மண்ணிலேயே இருக்கிறது என்று மேலதிகாரிகளிடம் அடித்துப் பேசி, வெள்ளக்கடை எஸ்டேட்டுக்கு வந்திருந்தாள். பூஞ்சையைக் கொல்வதற்கென்றே செய்த மருந்தைப் பூஞ்சையே தின்னுமா என்று சிரித்தார்கள். அவள் கேட்கவில்லை. பிடிவாதக்காரி.

மருந்து அதிகம் விழுந்த மண்ணில்தான் அதைத் தின்னப் பழகிய பூஞ்சை இருக்கும். மருந்து டேங்க் கழுவும் இடத்தைக் கேட்டதற்கு, மருந்தடிக்கும் சித்தன் மேட்டிலிருந்த சிமெண்டுத் தொட்டியைக் காட்டினான். அங்கேதான் கழுவ வேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்பது எஸ்டேட் கணக்கும் ஆட்களையும் பார்க்கும் ரைட்டர் தேவசிகாமணியின் சட்டம். தொட்டியோரத்து மண்ணை எடுத்து, மருந்தைத் தவிர வேறு சாப்பாடே இல்லாத, பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் வாராவாரம் தூவிப் பார்த்திருந்தாள். இதுவரை ஒன்றும் முளைக்கவில்லை.

ஒருநாள் தனியாக மேடேறிப் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே எறும்புப் புற்று. தண்ணீர் பட்டே வருஷக்கணக்காகியிருக்கும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று இறங்கி வந்து சித்தனைப் பிடித்தாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "ஏனுங்க அம்மிணி, நாளெல்லாம் மருந்தடிச்சுப்போட்டு யாருங்க அந்த மேடு ஏறுவாங்க? பன்னெண்டு வருசமா பலாமரத்தடி பைப்புலதானுங்க கழுவறோம். மிச்ச மருந்தையும் அங்கயே ஊத்திருவோம்."

திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண் தோண்டும் கொத்தைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தடிக்கு ஓடினாள். ரைட்டரிடம்தான் போகிறாள் என்று பதறி, அவனும் பின்னாலேயே ஓடிவந்தான்.

அந்த மண்ணைத் தூவிய ஐந்தாம் நாள் காலை தட்டைத் திறந்தாள். நடுவில் காசளவுக்குப் பச்சைப் பூஞ்சை, மதமதவென்று வளர்ந்திருந்தது! அதை மருந்துத் தண்ணீரில் விட்டு வளர்த்து, அந்தக் குப்பியைச் சேலத்துக்குச் சோதனைக்கு அனுப்பினாள். மருந்தில் பாதிக்குமேல் காணோம் என்று கடைசி வாரம் போன் வந்ததும், நின்ற இடத்திலேயே குதித்தாள். சித்தனும் ஒன்றும் புரியாமலே கூடச் சேர்ந்து குதித்தான்.

அறிக்கையில் மண் எடுத்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. உள்ளதை எழுதினால் சித்தன் வேலைக்கு உலை. பொதுவாக எஸ்டேட் மண் என்று போட்டுவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னாள்.

"அப்படிப் போட்டா, நாளைக்குத் தேடி வர்றவங்களுக்கு அந்த மண்ணு கெடைக்குங்களா?"

கிடைக்காது என்று தலையாட்டினாள். சித்தன் தட்டைப் பார்த்தான்.

"எடத்தை எழுதுங்க அம்மிணி. நான் பொய் சொன்ன வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே மொளைக்கலீங்களே."

சொல்லிவிட்டு, ரைட்டர் ரூமைப் பார்த்து அவனே முன்னால் நடந்தான். சரஸ்வதி பச்சை பூத்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.