தந்திச் சட்டம்

விளாத்திகுளத்துக் கரிசலில் விதைத்த நிலத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள். அதை நம்பித்தான் என் கணவர் சங்கரபாண்டியன் மழைக்கு முன்பே புழுதியில் உளுந்தை விதைத்தார். துறைமுகத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கோபுரத்தை எங்கள் நிலத்தில் நடப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது.

அதிகாரி இயந்திரத்தோடு வந்தார்.

"விதைச்சிருக்கேன் சார், மிதிக்காதீய."

"வெறும் மண்ணாத்தானே கிடக்கு?"

"நான் சம்மதிக்கலியே."

"உங்க சம்மதம் தேவையில்ல அண்ணாச்சி. தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரன் 1885ல போட்ட சட்டம், இதுக்கும் செல்லும். கோர்ட்டே சொல்லியாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தந்தியவே நிப்பாட்டிட்டீயளே."

"சட்டத்த நிப்பாட்டலியேம்மா."

தோண்டினார்கள். அன்று சாயங்காலமே நல்ல மழை.

சில நாளில் அவர்கள் கொட்டிய மண்மேட்டில் உளுந்து முளைத்தது. அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அதிகாரியிடம் காட்ட இவர் பஸ் ஏறினார்.